காலியாகத் திரும்பும் வண்டி

இளம்பிள்ளையில் நான் வழக்கமாகப் புடவை எடுக்கும் கடைக்காரர் எனக்கென்று தனியாக ஒரு விலை வைத்திருக்கிறார். மற்றவர்களுக்குச் சொல்வதைவிட அது கூடுதல். நான் குறைத்துக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும், அவர் கூட்டிச் சொல்வார் என்று எனக்கும் தெரியும். அவர் மூன்று முறை பெட்டியை மூடுவார், நான் மூன்று முறை படி இறங்குவேன். கடைசியில் ஊரெல்லாம் கொடுக்கிற விலைக்கே வந்து நிற்போம். இதற்கு ஒரு மதியம் முழுக்கப் போய்விடும். உண்மையைச் சொன்னால் அந்த மதியத்துக்காகத்தான் நான் இளம்பிள்ளைக்கே போகிறேன். புடவை நாமக்கல்லிலேயே கிடைக்கும்.

அதனால் மகள் எங்கள் இருவரையும் பாலித் தீவுக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னதும், சொந்தபந்தம் எல்லாம் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் எச்சரிக்கைதான் சொன்னார்கள். அங்கே டாக்சிக்காரர்கள் தோலை உரித்துவிடுவார்களாம். ராசிபுரத்திலிருந்து வந்த என் தங்கை ஒரு டப்பா நெய் முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, நீ பேசு. மாமாவப் பேச உடாத. அவரு இப்ப இருக்கற இருப்புக்குக் கேட்டதக் குடுத்துட்டு வந்துருவாரு" என்றாள்.

அந்த இருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவராக ஆரம்பித்து, பிறகு ஒரு லாரிக்குச் சொந்தக்காரராகி, அப்புறம் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரரானவர். முட்டி தேய்ந்துபோனதாலும் நல்ல டிரைவர்கள் கிடைக்காததாலும் இரண்டையும் சென்ற தை மாதம் விற்றுவிட்டார். விற்ற கையோடு குரலையும் சேர்த்து விற்றுவிட்டாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் அவர் போன் பேசினால் டீசல் என்ன விலை என்று எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். புரோக்கரோடு சண்டை, டயர்க் கடையோடு சண்டை, குழம்பில் உப்பு கூடினால் என்னோடு சண்டை. அப்படிப்பட்ட மனிதர் டி.வி. முன்னால் உட்கார்ந்து, என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். மீதம் இருந்த என் காபியை வாயில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே போடாமல் கொடுத்தேன். அதையும் குடித்தார். புனேயில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு, "கண்ணு, உங்கப்பா சர்க்கரை இல்லாத காப்பியக் கம்முனு குடிக்கறாரு" என்று அழுதேன். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே டிக்கெட் போட்டுவிட்டாள்.

விமானம் பெங்களூரிலிருந்து. நாமக்கல்லில் காரில் ஏறிச் சேலம், தருமபுரி, ஓசூர் என்று போனோம். அவர் வாழ்நாளில் பாதியைக் கழித்த சாலை அது. முன்பெல்லாம் அந்தச் சாலையில் அவரோடு போனால் காது வலித்துவிடும். இது யார் வண்டி, அது எந்தப் பட்டறையில் பாடி கட்டினது, எந்த டீக்கடையில் பால் நல்ல பால் என்று சொல்லிக்கொண்டே வருவார். இந்த முறை கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். தூங்கவில்லை, கண்ணை மூடியிருந்தார். முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு வித்தியாசம் தெரியாதா?

பாலியில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், சொல்லி வைத்ததுபோல டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் எங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்து லட்சம் என்றார். அவர்கள் ஊர்ப் பணத்தில்தான். இருந்தாலும் லட்சம் என்று காதில் விழுந்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஐந்து லட்சத்துக்கு எங்கள் பக்கம் ஓடின காரே ஒன்று வாங்கிவிடலாமே! நான் ஒரு விரலைக் காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஆகா, இளம்பிள்ளை ஆள்தான், ஒரு மதியம் கிடைத்தது என்று நான் முந்தானையைச் செருகிக்கொள்வதற்குள், இவர் அமைதியாகச் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து அந்த ஆளிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பேரம் அதோடு செத்துப்போனது. டாக்சிக்காரருக்கே அது ஏமாற்றமாக இருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

விடுதியில் வரவேற்பில் இருந்த பெண், நாங்கள் கொடுத்தது நியாயமான வாடகைக்கு இரண்டு பங்குக்கும் மேல் என்றாள். நான் அறைக்குள் வந்து குதித்தேன்.

"ஏனுங்க, கண்ணு முன்னாடி ஏமாத்திட்டுப் போறான், நீங்க பாட்டுக்கு எடுத்துக் குடுக்கறீங்க!"

"போகுது உடு புள்ள" என்றார்.

போகுது உடு புள்ள! டோல்கேட்டில் சில்லறை குறைந்தால் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றாலும் அசையாத மனிதர் சொல்கிற வார்த்தையா அது? போன பணம் போகட்டும், இந்த மனிதரையும் ஏமாந்து எங்கேயாவது கொடுத்துவிட்டேனோ என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது. கடலைப் பார்த்தோம். நல்ல கடல்தான். அவர் எங்கள் வீட்டு டி.வி.யைப் பார்ப்பதுபோலவே அதையும் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து மலைமேல் ஓர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஏரியும் ஏரிக்கரையில் கோயிலும் உண்டு. மகள் ஓர் இரவு அங்கேயே தங்க அறை போட்டிருந்தாள். அதனால் போக மட்டும் வண்டி வேண்டும். விடுதி வாசலில் நின்றிருந்தவர்களில் எங்கள் வயதுக்காரர் ஒருவரைப் பிடித்தேன். நரைத்த மீசை, துவைத்துத் துவைத்து வெளுத்த பூப்போட்ட சட்டை. இந்த முறை இவரைத் தூரத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தனியாகவே போய்ப் பேரம் பேசினேன். அவர் சொன்னதில் பாதிக்கு முடித்தேன். ஜெயித்துவிட்ட குஷியில் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தேன். இவர் வழக்கம்போல டிரைவருக்குப் பக்கத்தில். எந்த வண்டியானாலும் இவருக்குப் பின்சீட்டில் உட்காரத் தெரியாது.

வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்திருந்தார் அந்த டிரைவர். வளைவு வரும்போதெல்லாம் தட்டு நகர்ந்து விழப் பார்த்தது. இரண்டு மூன்று வளைவுக்குப் பிறகு இவர் கை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். மலை ஏறி முடியும்வரை பிடித்துக்கொண்டே வந்தார். கொல்லிமலை ஏறிய எங்களுக்கு அதெல்லாம் ஒரு மலையா? இருந்தாலும் அவர் கை அந்தத் தட்டை விடவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே போய்ச் சேர்ந்து கோயிலுக்கு எதிரே வண்டிகள் நிறுத்துமிடத்தில் இறங்கினோம். பேசிய வாடகையைக் கொடுத்தேன். டிரைவர் தலையை ஆட்டினார். இன்னும் அதே அளவு வேண்டுமாம்.

எனக்கு வந்ததே கோபம்! கீழே ஒரு பேச்சு, மேலே ஒரு பேச்சா? கையை ஆட்டி, தலையை ஆட்டி, தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் எடுத்து வீசினேன். அவரும் பேசினார். எனக்கு அவர் பாஷை புரியவில்லை, அவருக்கு என் கை மட்டும் நன்றாகப் புரிந்தது. கடைசியில் அவர் தன் போனை எடுத்து அதில் எதையோ பேசி, எங்கள் பக்கம் நீட்டினார். போனில் இருந்து ஒரு பெண் குரல், நியூஸ் வாசிப்பதுபோலத் தமிழில் சொன்னது:

"நான் காலியாகத் திரும்பிச் செல்ல வேண்டும்."

பெட்டியின் மேல் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த இவர் திரும்பினார்.

"என்ன சொன்னாரு? காலியாவா?"

"அதச் சொல்லி இன்னொரு வாடகை கேக்கறாருங்க. நீங்க கம்முனு இருங்க, நான் பாத்துக்கறேன்."

"ரிட்டன் இல்லியாமா?" என்றார், எழுந்தே நின்றுவிட்டார்.

லாரிக்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். 'போற லோடு டீசலுக்கு, வர்ற லோடுதான் ஊட்டுக்கு' என்று எங்கள் வீட்டில் உப்பு புளி மாதிரிப் புழங்கிய பேச்சு. சரக்கை இறக்கிவிட்டு, திரும்பி வர லோடு கிடைக்காமல் இந்தூரிலோ நாக்பூரிலோ இவர் கிடையாகக் கிடந்த நாட்கள் எத்தனையோ. வண்டி காலியாக வருகிறது என்று தகவல் வந்தால் அன்று வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். மகள்கூடச் சின்ன வயதில், "அப்பா காலியா வாராரா, லோடோட வாராரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மிட்டாய்க்குக் காசு கேட்பாள்.

"புள்ள, அவரு கேக்கறது நாயந்தான்" என்றார் இவர்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இதுதான். என் புருசன் எனக்கு எதிராகக் கட்சி மாறிவிட்டார்!

"அப்பறம் என்ன, எடுத்துக் குடுங்க! அவரு பேத்தி கல்யாணத்துக்கும் சேத்துக் குடுங்க!"

"காசு குடுத்தா மட்டும்? வண்டி காலியாத்தான போகும்?" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றினார். டிரைவரைப் பார்த்து, 'நில்லு, வாரேன்' என்பதுபோல ஒரு கையைக் காட்டினார். பிறகு அந்தத் தேய்ந்த முட்டியோடு, அத்தனை பெரிய இடத்தில், வண்டி வண்டியாகப் போய் ஆள் தேட ஆரம்பித்தார்.

பாலித் தீவில், மலை உச்சியில், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு நாமக்கல்காரர் டாக்சிக்கு ரிட்டன் லோடு தேடுகிறார். நான் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் போய்க் கீழே கையைக் காட்டினார். அவர்கள் குனிந்து காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்று, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தங்கை கொடுத்த டப்பாவைத் திறந்து முறுக்கை நீட்டினேன். சண்டை போட்ட வாயோடு இரண்டு பேரும் முறுக்குத் தின்றோம்.

அந்தக் கடைசியில் குஜராத்திக் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. பெரியவர்கள், குழந்தைகள், பைகள் என்று பெரிய கூட்டம். இவர் வடக்கே லாரி ஓட்டிக் கற்ற இந்தி இத்தனை வருசம் கழித்து வெளியே வந்தது. "கித்னா ஆத்மி? நீச்சே ஜானா?" என்று, எத்தனை பேர், கீழே போகணுமா என்று அவர் விசாரித்தது எனக்கு இங்கே கேட்டது. குரல் அவ்வளவு பெரிசு. எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

அவர்கள் கீழே போகத்தான் நின்றிருந்தார்கள். அங்கே உள்ள டாக்சி ஸ்டாண்டில் இரண்டு வண்டி எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மேலே திரும்பி வருகிற வாடகையையும் சேர்த்துக் கேட்டார்களாம். அதனால் முறைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இவர் நம் டிரைவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். பைகளைத் தூக்கி வண்டியில் வைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் தப்புச் செய்தார். வேறு யார் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தது என்று விடலாம். இவர் செய்யலாமா? ஸ்டாண்டு டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சத்தம் போட்டார்கள். ஒருவர் பையை எடுத்துக் கீழே வைத்தார். நம் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் பேர் தெரியாத இடத்தில் அடி வாங்க வேண்டுமா என்று ஓடிப்போய் இவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்க போலாம். கேட்டதக் குடுத்துட்டுப் போயிரலாமுங்க."

சொன்னது நான்தான்! பேரம் பேசவே பிறந்த நான்!

இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"புள்ள, இங்கயும் டர்ன் இருக்குது!"

லாரிக்காரர்களுக்கு அது எழுதாத சட்டம். வெளியூர் வண்டி ஒன்று ஓர் ஊரில் போய்த் தன்பாட்டுக்கு லோடு ஏற்றக் கூடாது. உள்ளூர் வண்டிகள் வரிசையில் நிற்கும், அவற்றின் முறை போகத்தான் மற்றவர்களுக்கு. அதை மீறியவர்களிடம் இவரே எத்தனை முறை சண்டைக்கு நின்றிருக்கிறார். இப்போது இவரே மீறி மாட்டிக்கொண்டார். அதுதான் அந்தச் சிரிப்பு.

பிறகு நடந்ததுதான் அழகு. கூட்டத்தில் யார் பேசினால் மற்றவர்கள் வாயை மூடுகிறார்கள் என்று பார்த்து, அந்த ஆள் முன்னால் போய்க் கும்பிட்டார். டிரைவரின் போனை வாங்கி அதில் தமிழிலேயே பேசினார். அந்த நியூஸ் வாசிக்கிற பெண்ணுக்காகக் கொஞ்சம் செந்தமிழில்கூடப் பேசினார்.

"இது உங்கள் ஊர் லோடு. நான் கேட்காமல் ஏற்றியது தப்பு. ஆனால் இவரும் வண்டிக்காரர். காலியாகப் போகக் கூடாது."

போன் அவர்கள் பாஷையில் அதைச் சொன்னது. அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். "நீங்களும் ஓட்டுநரா?" என்றது போன்.

"ஆமாங்க" என்றார் இவர். போன் அதை மொழிபெயர்ப்பதற்குள் அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப்பின் இவர் ராஜ்யம்தான். இந்தியில் குஜராத்திக்காரரிடம், தமிழில் போனிடம், கையால் ஸ்டாண்டுக்காரரிடம். முதல் வண்டி ஸ்டாண்டு வண்டி, அதுதான் முறை. இரண்டாவதில் நம் டிரைவர். அவருக்கு எப்படியும் கீழே போகிற வழிதான் என்பதால் சாதாரண வாடகை போதும். ஸ்டாண்டுக்காரரும் கொஞ்சம் இறங்கி வந்தார். குஜராத்திக்காரர்கள் முறைப்பை விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்கள். ஒருவருக்கும் தோல்வி இல்லை. நான் இளம்பிள்ளையில் இத்தனை வருசமாகப் பேசியதெல்லாம் ஒரு பேரமா என்று எனக்கே தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது.

நம் டிரைவர் கூடுதல் வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. புறப்படும் முன் பூத்தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து இவர் கையில் வைத்தார். இவர் அதைக் காதில் செருகிக்கொண்டார். அப்படியே கோயிலுக்குள் வந்தார். சாமி கும்பிடும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. அந்த ஸ்டாண்டில் வரிசையை எப்படிச் சரியாக வைக்கலாம் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மீதி நாட்களில் டாக்சி என்றால் இவர்தான் பேசினார். சில இடங்களில் ஏமாந்தோம், ஏமாந்ததற்கு இவர் சத்தம் போட்டார். நான் பின்சீட்டில் வாயைத் திறக்கவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை, காபி போட்டு முன்னறையில் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுப்படியில் போன் அடித்தது. மகள்.

"அம்மா, எப்புடி இருந்துச்சு? டாக்சிக்காரங்க ஏமாத்துனாங்களா?"

"நல்லா ஏமாத்துனாங்க கண்ணு" என்று நான் ஆரம்பிப்பதற்குள் முன்னறையிலிருந்து சத்தம்.

"ஏம் புள்ள! இதென்ன காப்பியா, கழனித் தண்ணியா? சர்க்கரை போட்டியா இல்லியா?"

போட்டிருந்தேன். தாராளமாகவே போட்டிருந்தேன்.

அந்தச் சத்தம் போனிலும் கேட்டிருக்க வேண்டும். அவள் குரல் உடைந்து வந்தது.

"அம்மா... அது அப்பாவா?"

"ஆமா சாமி" என்றேன். "உங்கப்பாதான். லோடோட வந்துட்டாரு."